சோடா விற்ற பையனும் வங்கியில் வேலை பார்த்த கேப்டனும்

கோவளம் கடற்கரையில் சாயங்காலம் பந்து ஆடும் பையன்களிடம் ஐ.எம்.விஜயன் யார் என்று கேட்டுப் பாருங்கள். "திமிரு படத்துல வர்ற ரவுடிதானே அண்ணா" என்பார்கள். வி.பி.சத்யன் யார் என்று கேட்டால் பதிலே வராது. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாமும் சொன்னதில்லை.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் போய் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, மூன்றாவதாகப் பல்லாவரம். இந்தியக் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்த வி.பி.சத்யன் 2006ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று தன் உயிரை முடித்துக்கொண்டது அந்தப் பல்லாவரம் ரயில் நிலையத்தில்தான். அப்போது அவருக்கு வயது 41. சென்னையில் இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்கும் வேலைக்கும் ஆர்ப்பாட்டங்களுக்கும் நாம் அந்த நிலையத்தைக் கடந்துதான் போகிறோம். அங்கே அப்படி ஒரு வரலாறு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சத்யனும் விஜயனும் ஒரே அணியில் ஆடியவர்கள். ஒருவர் தற்காப்பு ஆட்டக்காரர், மற்றவர் முன்கள வீரர். ஒரே துறை இருவருக்கும் வேலை கொடுத்தது. இருவரும் இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்தார்கள். பிறகு இரண்டு வாழ்க்கையும் இரண்டு திசையில் போயின. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இன்று நம் பையன்கள் நிற்கும் இடம் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இவர் எந்தச் சாதி, அவர் எந்தச் சாதி என்று தேடிப் பிடித்து நம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வேலையை இங்கே செய்யப்போவதில்லை. நம் கேள்வி வேறு. கையில் ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து வரும் ஒரு பையன் முப்பத்து மூன்று வயதில் பந்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது அவன் கையில் என்ன இருக்கும்?

விஜயன் கதையிலிருந்து தொடங்குவோம். 1969இல் திருச்சூரில் பிறந்தவர். வறுமையான குடும்பம். அப்பா ஒரு விபத்தில் இறந்துபோனார். திருச்சூர் நகராட்சி மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் சிறுவன் விஜயன் கூட்டத்துக்குள் புகுந்து சோடா விற்பான். எந்தப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதினாலும் இந்தச் சோடா பாட்டிலில்தான் ஆரம்பிக்கும். சோடா விற்ற பையன் நாட்டுக்கு ஆடினான் என்று சொன்னதும் படிப்பவருக்குக் கண் கலங்கிவிடும், கட்டுரையும் முடிந்துவிடும். சோடாவுக்கும் நாட்டு அணிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை விட்டுவிடுவார்கள். நமக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம்.

பயிற்சியாளர் டி.கே.சாத்துண்ணி அந்தப் பையனைக் கண்டுபிடித்துப் பயிற்சி முகாமுக்குக் கொண்டுவந்தார். இது முதல் படி. இரண்டாவது படி இதைவிடப் பெரியது. எண்பதுகளில் கேரளக் காவல் துறை ஒரு கால்பந்து அணியைக் கட்டிக்கொண்டிருந்தது. துறைத் தலைவராக இருந்த எம்.கே.ஜோசப் அதற்கு முழு ஆதரவு தந்தார். மாநிலம் முழுக்கத் தேடி நல்ல ஆட்டக்காரர்களுக்குக் காவலர் வேலை கொடுத்தார்கள். கண்ணூர்ப் பக்கத்துச் சொக்லியிலிருந்து வந்த சத்யன், சி.வி.பாப்பச்சன், யு.ஷரபலி, குரிகேஷ் மாத்யூ, கோல்கீப்பர் கே.டி.சாக்கோ என்று ஓர் அணி உருவானது. பதினேழு பதினெட்டு வயதில் விஜயன் அதற்குள் வந்தார்.

'துறை அணி' என்றால் என்ன என்று இன்று கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு விளக்கவேண்டியிருக்கிறது. தேர்வில் நன்றாக ஆடினால் வேலைக்கான உத்தரவு கையில் கிடைக்கும். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம். போட்டிக்கு வெளியூர் போனால் அந்த நாட்களும் பணி நாட்கள்தான். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். கால் உடைந்து ஆறு மாதம் படுத்தாலும் வரும். ஆட்டம் முடிந்த வயதில் மேசைக்குப் போகலாம், பதவி உயர்வு உண்டு, கடைசியில் ஓய்வூதியமும் உண்டு. சென்னை லீக்கை எடுத்துக்கொண்டால் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத் துறை, கணக்காயர் அலுவலகம் என்று இந்த வகை அணிகள்தான் பல ஆண்டுகள் அதைத் தாங்கி நின்றன. வடசென்னையில் ஒரு வீட்டில் பையன் பந்து ஆடுவதை அம்மா திட்டாமல் விட்டாள் என்றால் காரணம் கால்பந்தின் அழகு அல்ல. ரயில்வேயில் எடுப்பார்கள் என்ற நம்பிக்கைதான்.

1990இல் கேரளக் காவல் துறை அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. கேரளத்திலிருந்து எந்த அணியும் அதற்கு முன் அந்தக் கோப்பையை எடுத்ததில்லை. இறுதி ஆட்டம் நடந்த ஊர் திருச்சூர். சில ஆண்டுகளுக்கு முன் சோடா விற்ற அதே ஊரில் விஜயன் மாநிலத்தின் நாயகன் ஆனார். மறு ஆண்டும் அந்தக் கோப்பை அவர்களிடமே இருந்தது. 1992இல் நம் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் கோப்பையில் கோவாவை வீழ்த்திக் கேரளம் வென்றது. 1973க்குப் பிறகு அந்த மாநிலத்துக்குக் கிடைத்த முதல் சந்தோஷ் கோப்பை அது. கேப்டன் சத்யன். தொண்ணூறுகளின் முதல் பாதியில் இந்திய அணிக்கும் அவர்தான் கேப்டன்.

இந்த உயரத்தில் கல்கத்தா கூப்பிட்டது. விஜயன் 1991இல் மோகன் பகானுக்குப் போனார். சத்யனும் பின்னர் அந்தச் சட்டையைப் போட்டார். விஜயன் காவல் துறைக்குத் திரும்பி வந்து மறுபடியும் போனார். பஞ்சாபின் ஜே.சி.டி. மில் அணி, பிறகு எஃப்.சி.கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ் என்று ஊர் ஊராக ஆடினார். ஆண்டின் சிறந்த வீரர் விருதை மூன்று முறை வாங்கினார். 1999 தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆவது விநாடியில் கோல் அடித்தார். வங்காளிகள் அவருக்கு 'காலோ ஹரின்' என்று பெயர் வைத்தார்கள். கறுப்பு மான் என்று பொருள். அன்பாக வைத்த பெயர்தான். அதே தலைப்பில் ஓர் ஆவணப்படமும் வந்தது.

நம்மைத் தொந்தரவு செய்யும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறோம். கல்கத்தாவில் மானாகத் தெரிந்த அந்த உடல், கோடம்பாக்கத்துக்கு வந்ததும் ரவுடி ஆகிவிட்டது. சத்யன் இறந்த அதே 2006இல்தான் 'திமிரு' வந்தது. அதில் விஜயனின் பாத்திரத்துக்குப் பெயர் பெரிய கருப்பு. பின்னால் 'பிகில்' என்று முழுக்க முழுக்கக் கால்பந்தை வைத்தே ஒரு படம் எடுத்தார்கள். நாட்டுக்குக் கேப்டனாக இருந்த ஆட்டக்காரர் அந்தப் படத்தில் இருந்தார். மைதானத்தில் அல்ல, ரவுடிகள் பக்கத்தில். கறுத்த, உழைத்த உடலைக் கண்டால் நம் சினிமாவுக்குக் கத்தியைத் தவிர வேறு எதுவும் கையில் கொடுக்கத் தோன்றாது. விஜயன் அதைச் சம்பாத்தியமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார், அதில் தவறு இல்லை. ஆனால் மலையாளத்தில் ஜெயராஜ் 2000இல் 'சாந்தம்' படத்தில் அவரைக் கதாநாயகனாகவே நடிக்க வைத்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

கதைக்குத் திரும்புவோம். 1996இல் தேசிய லீக் தொடங்கியது. முதல் கோப்பை ஜே.சி.டி.க்கு, விஜயன் அந்த அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு கொச்சியில் எஃப்.சி.கொச்சின் பிறந்தது. இனி துறை அணிகளின் காலம் முடிந்தது, தொழில்முறைக் கால்பந்தின் காலம் வந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். கேரளத்தில் சம்பளம் கொடுத்துக் கட்டப்பட்ட முதல் தொழில்முறை அணி. விஜயனும் ஜோ பால் அஞ்சேரியும் வந்தார்கள். பிறந்த ஆண்டிலேயே டூரண்ட் கோப்பையை வென்றது. ஐந்தாறு ஆண்டுகளில் பணம் இல்லாமல் மூடப்பட்டது. 2010இல் மஹிந்திரா யுனைடெட் கலைக்கப்பட்டது. 2011இல் ஜே.சி.டி.யும் கலைக்கப்பட்டது. முதல் தேசிய லீக்கை வென்ற அணியே பதினைந்து ஆண்டுகளுக்குள் இல்லாமல் போய்விட்டது. நம் ஊரில் சென்னை சிட்டி அணி 2018–19 ஐ-லீக்கை வென்றது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். இன்று அந்த அணி எந்த மைதானத்தில் ஆடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

தனியார்மயத்தைப் பற்றி நம் கூட்டங்களில் பேசும்போது வங்கி, ரயில்வே, காப்பீடு என்று வரிசையாகச் சொல்வோம். பொதுத்துறை சுருங்கினால் இடஒதுக்கீடும் சுருங்கும் என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் பொதுத்துறை சுருங்கியபோது கால்பந்து மைதானமும் சுருங்கியது என்பதை நாம் பேசியதில்லை. விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு வேறு, சாதி அடிப்படையிலான ஒதுக்கீடு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம். ஆனாலும் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தவை. அரசு அலுவலகம் என்ற அந்தக் கூரைக்குக் கீழே விதி என்று ஒன்று இருந்தது, கேட்பதற்கு ஒரு கதவு இருந்தது. முதலாளியின் அணியில் ஒப்பந்தம் மட்டும்தான். அது முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

இது நேற்று வந்த கணக்கும் அல்ல. பல்வங்கர் பாலு பற்றித் தோழர்கள் படித்திருப்பீர்கள். புனேயில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளம் பராமரித்த தலித் இளைஞர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன முதல் அகில இந்தியக் கிரிக்கெட் அணியில் 114 விக்கெட் எடுத்தார். மைதானத்தில் அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டவர்கள் தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே தனி மண் குவளையில் ஊற்றினார்கள். கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை வரவில்லை, அவர் தம்பி விட்டலுக்குத்தான் வந்தது. இதெல்லாம் நாம் அடிக்கடி பேசுவது. அதிகம் பேசாத ஒன்று, அத்தனை அவமானத்துக்கும் நடுவில் பாலுவைப் பம்பாயில் நிற்க வைத்தது ஒரு ரயில்வே வேலை என்பது. மாதச் சம்பளம் என்ற ஒன்று இல்லாமல் திறமை மட்டும் அவரை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கும்?

இவ்வளவு எழுதிவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் போல இருக்கிறது. அரசு வேலை இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று. விஜயனைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2003இல் ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில் 4 கோல் அடித்துவிட்டு நாட்டு அணியிலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டு அர்ஜுனா விருது. பிறகு கேரளக் காவல் துறை அவரை மறுபடியும் சேர்த்துக்கொண்டது. காவலராக உள்ளே வந்தவர் 2025 ஏப்ரலில் அதிகாரியாக ஓய்வு பெற்றார். அதற்குச் சில மாதங்கள் முன்பு பத்மஸ்ரீ. சோடாவிலிருந்து பத்மஸ்ரீ வரை என்று மறுபடியும் எல்லோரும் எழுதினார்கள். நடுவில் இருந்த காக்கிச் சட்டை மறுபடியும் விடுபட்டுப்போனது.

ஆனால் சத்யனுக்கும் வேலை இருந்ததே. இந்த இடத்தில் எங்கள் வாதம் தடுமாறுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அவர் காவல் துறையை விட்டுச் சென்னை வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்தார். அன்று அந்த வங்கியின் அணி சாதாரண அணி அல்ல, தேசிய லீக்கில் ஆடிய அணி. ஆடி முடித்தபின் அங்கேயே பயிற்சியாளராகவும் இருந்தார். சம்பளம் இருந்தது, பதவி இருந்தது. இருந்தும் பல்லாவரம் நடந்தது.

ஒரு மனிதரின் சாவுக்கு ஒரே காரணத்தைத் தேடிப் பிடித்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதனால் அதைச் செய்யப்போவதில்லை. காயங்கள் அவரை விடாமல் துரத்தின, மன அழுத்தத்தில் இருந்தார் என்பது பதிவான செய்தி. தற்காப்பு ஆட்டக்காரரின் முழங்கால் எவ்வளவு அடி தாங்கும் என்பது பந்து ஆடிய எல்லோருக்கும் தெரியும். மூட்டு ஜவ்வு கிழிந்தவன் கீழே உட்கார்ந்து எழுந்திருக்கும்போது முகத்தைப் பாருங்கள். பதினைந்து வயதிலிருந்து முப்பத்து மூன்று வரை ஒருவனை ஊரே பெயர் சொல்லிக் கூப்பிடும். முப்பத்து நான்கில் அவன் டோக்கன் போடும் வரிசைக்குப் பின்னால் ஒரு மேசையில் இருப்பான். எதிரே நிற்பவருக்கு அவன் யார் என்று தெரியாது. சோறு போடுகிற வேலை அவனை அந்த இடத்தில் பிடித்துவைக்கும், உண்மைதான். ஆனால் அந்த மேசையில் அவனிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்க ஒருவரும் வரமாட்டார்கள். நாட்டுக்குக் கேப்டனாக இருந்தவரின் அனுபவத்தை வைத்து என்ன செய்வது என்று இந்தியக் கால்பந்துக்குத் தெரியவில்லை. மனம் உடைந்த ஆட்டக்காரன் போய்க் கதவைத் தட்ட ஓர் அறைகூட அன்று இல்லை.

ஜெர்மனியில் 2009 நவம்பரில் தேசிய அணியின் கோல்கீப்பர் ராபர்ட் என்கே இதே முடிவைத் தேடிக்கொண்டார். அவர் மனைவி மறுநாளே கேமராக்களுக்கு முன் உட்கார்ந்து கணவரின் மன அழுத்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். இரண்டு மாதங்களில் அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கமும் லீக்கும் அவர் ஆடிய ஹனோவர் அணியும் சேர்ந்து அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்தன. விளையாட்டு வீரர்களின் மனநோய்க்குச் சிகிச்சை பெற வழிகாட்டுவது அதன் முதல் வேலை. நாம் என்ன செய்தோம்? பைச்சுங் பூட்டியா போன்றவர்கள் முன்னின்று இந்தியக் கால்பந்து வீரர்களுக்கு ஒரு சங்கம் அமைத்ததும் அதே 2006இல்தான். ஒப்பந்தம், சம்பளப் பாக்கி, காயம் என்று பேச அதுவரை வீரர்களுக்கென்று அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. பிறகு 2018இல் சத்யனைப் பற்றி 'கேப்டன்' என்று ஒரு மலையாளப் படம் வந்தது. ஜெயசூர்யா நடித்தார். நல்ல படம், பாருங்கள். ஆனால் அறக்கட்டளைக்குப் பதில் படம் என்பது நம் நாட்டு வழக்கம்.

(இதைப் படிக்கும் யாருக்காவது மனம் தாங்காத நிலை இருந்தால் அரசின் 104 அல்லது 14416 எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள். எங்களையும் கூப்பிடலாம், வெட்கப்படவேண்டாம்.)

இன்றைக்கு வருவோம். வியாசர்பாடி தனபால் கணேஷைப் பலருக்குத் தெரியும். சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2018இலும் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது அணியில் இருந்தவர். இந்தியாவுக்கும் ஆடினார். அந்த இரண்டாவது கோப்பை வந்த கையோடு முழங்கால் காயம் அவரை நீண்ட நாள் வெளியே உட்கார வைத்தது. அதே சென்னையின் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரு கோல் அடித்தார். நாலரை ஆண்டுகளாக அந்த எதிரியை வெல்லாத அணிக்கு அந்த ஒரு கோலில் வெற்றி. கல்கத்தாவில் பாதி ஊர் அன்று தூங்கவில்லை. இவர்களைப் பார்த்துத்தான் நம் பையன்கள் வளர்கிறார்கள். வளரட்டும். ஐ.எஸ்.எல்.லில் வரும் பணம் விஜயன் காலத்தில் கனவிலும் வராத பணம். ஆனால் அங்கே இடம் பிடிப்பவர்கள் சில நூறு பேர். அவர்களுக்கும் ஒப்பந்தம் ஓரிரு ஆண்டுகள்தான். அந்த லீக்கே அடுத்த ஆண்டு எப்படி நடக்கும் என்று வீரர்கள் கையைப் பிசையும் நிலையையும் பார்த்துவிட்டோம்.

தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அது நல்லது, அதைக் காப்பாற்றவேண்டும். ஆனால் பதக்கம் வாங்கி வந்தவனுக்கு வேலை என்பதும், வேலை கொடுத்து அணியை வளர்ப்பது என்பதும் ஒன்றல்ல. கேரளக் காவல் துறை அன்று செய்தது இரண்டாவது. விஜயன் உள்ளே வந்தபோது அவர் கையில் பதக்கம் எதுவும் இல்லை. முதலில் சோறு, பிறகு கோப்பை என்ற வரிசை அது. இப்போது அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பதக்கம் வரைக்கும் போக வீட்டில் பணம் இருப்பவன்தான் அந்த ஒதுக்கீட்டின் வாசலைத் தொடமுடியும். பூட்ஸ், பயணச் செலவு, ஸ்கேன், அறுவை சிகிச்சை என்று எல்லாம் பையன் வீட்டுக் கணக்கு.

எங்களுக்குத் தெரிந்த கோவளத்துப் பையன் ஒருவன், பெயர் வேண்டாம், நல்ல விங்கர். ஓர் அணியின் தேர்வுக்குப் போய் இரண்டாம் சுற்றில் ஜவ்வு கிழிந்து திரும்பினான். அந்த அணியிலிருந்து பிறகு யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஓராண்டு வீட்டில் இருந்தான். இப்போது ஓ.எம்.ஆரில் உணவு டெலிவரி ஓட்டுகிறான். இங்கே அலைச்சறுக்கு பற்றி எழுத ஆங்கிலப் பத்திரிகைகள் வருகின்றன, படம் எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான், அந்தப் பையன்களும் நம் குப்பத்துப் பிள்ளைகள்தான். பந்து ஆடுபவனைத் தேடி மட்டும் யாரும் வருவதில்லை.

போன மாதம் பையன்களுக்கு 'கேப்டன்' படத்தைப் போட்டுக் காட்டினோம். மலையாளம் பாதிதான் புரிந்தது, இருந்தாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. படம் முடிந்ததும் விஜயன், சத்யன், துறை அணி என்று இங்கே எழுதியதையெல்லாம் பேசினோம். கேள்வி கேட்கச் சொன்னோம். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. ஐ.எஸ்.எல். பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தோம். பின்வரிசையில் முட்டியில் துணிப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்த ஒருவன் கையைத் தூக்கினான். "அண்ணா, பேங்க் டீம்ல இப்ப ஆள் எடுக்குறாங்களா?"

விசாரித்துச் சொல்கிறோம் என்றோம். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.